சூரிச் 1524: படிமங்களும் ஏழைகளும்

1524 ஜூனில் சூரிச் நகர மன்றம் தேவாலயப் படிமங்களை அகற்ற ஆணையிட்டது. பூட்டிய கதவுகளுக்குள் கைவினைஞர்கள் அப்பணியை முடித்தனர். காணிக்கையாகச் சிலை அளித்தோர் அதைத் திரும்பப் பெறவும் இடமிருந்தது. படிம உடைப்பைக் கும்பலின் வெறியாக மட்டுமே காண்போர் இதைக் கருதவேண்டும்.

வணக்கம் உருவத்துக்கன்று, அது குறிக்கும் புனிதருக்கே என்பது கத்தோலிக்க இறையியலின் நெடுங்கால விடை. சீர்திருத்தவாதி உல்ரிச் சுவிங்ளி அதை ஏற்கவில்லை. பத்துக் கட்டளைகளின் தடையோடு அவர் நிறுத்தவுமில்லை: இறைவனின் மெய்யான சாயல் ஏழை மனிதனே, மரத்துக்கும் பொன்முலாமுக்கும் செல்லும் பொருள் அவனுக்குரியது என்றார். இவ்வாதத்தை வெறும் வழிபாட்டுச் சச்சரவாகச் சுருக்குவது பிழை. 1525 ஜனவரியில் நகரம் ஏழையர் உதவிச் சட்டம் இயற்றியது. மூடப்பட்ட மடங்களின் வருவாய் அதற்குத் திரும்பியது. முன்னாள் டொமினிக்கன் மடத்தில் நாள்தோறும் கூழ் வார்க்கப்பட்டது.