அஞ்சும் நாயைப் பழக்குதல்

ஆள், ஓசை, வாகனம், புது இடம் என எதையாவது கண்டு மிரளும் நாயை அடியோ அதட்டலோ இல்லாமல், தீனியும் விளையாட்டும் கொடுத்துத் தேற்றும் முறை இது. பயமுறுத்தும் ஒன்றை நாய் விரும்பும் ஒன்றோடு இணைப்பதே இதன் அடிப்படை.

மிரளும் நாயை யாரோ முன்பு அடித்திருக்க வேண்டும் என்று எண்ணுவது வழக்கம். அடியே படாத நாயும் மிரளும். பிறவிக் குணம் ஒரு காரணம். குட்டிப் பருவம் இன்னொன்று. ஏறத்தாழ 3 முதல் 12 வாரத்துக்குள் மனிதர்களோடும் வீட்டுச் சந்தடியோடும் பழகாத குட்டி பின்னாளில் எளிதில் மிரள்வதை, அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர்.

வாலை இடுக்கினால் பயம் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, ஒரு முன்காலைத் தூக்கி நிற்பது, வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது ஆகியவைதான் கவனத்துக்கு வராமல் போகின்றன. உறுமினால் அடிக்கக் கூடாது. அடித்தால் பயம் போகாது, உறுமல்தான் போகும். பிறகு எச்சரிக்காமலே கடிக்கலாம்.

முறையின் வேர் குழந்தை உளவியலில் இருக்கிறது. முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் விரும்பியதைச் சாப்பிடும்போது, முயலைத் தள்ளி வைத்துச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அவன் பயத்தை உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் போக்கினார். 1924இல் அதை வெளியிட்டார். நாய்க்கும் இதே வழிதான். பைக்கைக் கண்டு மிரளும் நாயை, பைக் தெரிந்தும் தீனி தின்னும் தூரத்தில் நிறுத்த வேண்டும். பைக் தெரிந்ததும் வேகவைத்த கோழித் துண்டு. மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. கோழியை முதலில் நீட்டினால், கோழியைக் கண்டாலே நாய் சந்தேகப்படத் தொடங்கும். தின்ன மறுப்பது பிடிவாதமல்ல, அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பதற்கு அடையாளம், பின்வாங்க வேண்டும். பைக்கைப் பார்த்துவிட்டு நாய் தானாக நம் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், ஓரடி முன்னே போகலாம்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. பயம் உணர்ச்சி, ஆறுதல் அதற்குக் கூலியாகாது. ஆனால் ஒளிந்த நாயை வெளியே இழுக்கக் கூடாது, தானாக வரவேண்டும்.

வெடிச்சத்தத்துக்குப் பதிவுசெய்த ஒலியை மிகத் தாழ்வாக ஒலிக்கவிட்டு, தீபாவளிக்குச் சில மாதம் முன்பே பழக்கத் தொடங்குவர். பண்டிகை நாள் பயிற்சிக்கு உகந்ததல்ல. அன்று ஜன்னலை மூடிய உள்ளறையில் வைத்திருந்தாலே போதும். நடுங்கி, உண்ணாமல் கிடக்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவர் மருந்தும் தருவார். மிரண்டு ஓடும் நாய்கள் அன்றைக்கு அதிகம் என்பதால், கழுத்துப் பெல்ட்டில் தொலைபேசி எண் இருப்பது நல்லது.