காணாப் பழுதும் கண்டறிந்த கைகளும்: மோட்டார் சைக்கிள் மின்வரலாற்றில் ஒரு பக்கம்

இயந்திரப் பழுதுகளில் பெரும்பாலானவை தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை. செயின் அறுந்தால் தொங்கும். ஆயில் கசிந்தால் தரையில் கறை படியும். பேரிங் தேய்ந்தால் ஓசை எழும். மின்பழுது அத்தகையதன்று. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, வண்டி மட்டும் உயிர்கொள்ள மறுக்கும். எனவே மோட்டார் சைக்கிளில் மின்பழுது கண்டறிதலின் வரலாற்றை, காணவியலாத ஒன்றைக் காண்பதற்கு மனிதர் கண்ட வழிகளின் வரலாறாகவே நாம் வாசிக்கலாம்.

தொடக்கத்தில் இச்சிக்கலே எழவில்லை. 1885இல் டைம்லரும் மைபாக்கும் உருவாக்கிய ரைட்வாகனின் எஞ்சினைப் பற்றவைத்தது மின்சாரமன்று; சுடரால் பழுக்கக் காய்ச்சப்பட்ட ஒரு குழாய். சுடர் அணைந்ததை அறிய நிபுணர் தேவையில்லை. 1890களில் பிரான்சின் டி டியோன்-பூட்டோன் நிறுவனம் பேட்டரியும் காயிலும் கொண்ட பற்றவைப்பைக் கொண்டுவந்தது. எஞ்சின் வேகம் கூடியது. பேட்டரி தீர்ந்தால் பயணமும் தீர்ந்தது. பேட்டரியின்றித் தானே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் மேக்னெட்டோ இதற்கு விடையாயிற்று. 1897இல் ராபர்ட் போஷ்ஷின் பட்டறை அதனை ஒரு டி டியோன் முச்சக்கர வண்டியில் பொருத்தியது. 1902இல் அவருடைய பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் உயரழுத்த மேக்னெட்டோவை ஸ்பார்க் பிளக்குடன் இணைத்தார்.

அன்று பிறந்த சோதனைமுறை இன்றும் சாலையோரங்களில் வாழ்கிறது. பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் ஹெட்டின்மேல் கிடத்தி, கிக்கரை உதைத்துப் பார்ப்பது. நீலப்பொறி பாய்ந்தால் பெட்ரோல் வழியைப் பார்க்க வேண்டும். பொறி இல்லையெனில் வேறு பிளக். அதற்கும் இல்லையெனில் வயர், பாயிண்ட், கண்டென்சர், காயில் என்று பின்னோக்கி நடக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் ஐயத்தின் பரப்பைக் குறுக்குவதே இதன் தருக்கம்.

1920களில் மேக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றான மேக்டைனோ வந்து, கார்பைடு விளக்குகளின் இடத்தை மின்விளக்குகள் பிடிக்கலாயின. அத்துடன் பழுதின் இலக்கணமே மாறிற்று. வண்டியின் இரும்புச் சட்டமே மின்சாரம் திரும்பும் வழி. நம் மெக்கானிக்குகள் எர்த் என்பது இதனையே. துருவோ பெயின்ட்டோ எர்த்தைத் தடுத்தால் மின்சாரம் வேறொரு பல்பின் இழைவழியே திரும்ப முயலும். பிரேக்கை மிதிக்க, தொடர்பே இல்லாத வேறொரு விளக்கு மங்கலாய் எரியும். அறிகுறி ஓரிடம், காரணம் மற்றோரிடம்.

1923இல் பிரிட்டிஷ் அஞ்சல்துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்காடியின் ஆவோமீட்டர் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளந்த கருவி அது. ஆயினும் மீட்டர் எல்லாம் அறிந்ததன்று. பல இழைகள் அறுந்து ஓரிழை மட்டும் எஞ்சிய வயரையும் மீட்டர் முழுமையானது என்றே காட்டும். சோதனையின்போது அது செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கோத்துச் சுமையேற்றிப் பார்த்தால் பல்பு மங்கி உண்மையைச் சொல்லிவிடும். எளிய பட்டறையின் டெஸ்ட் லேம்ப் அறியாமையின் அடையாளமன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

1955இல் சென்னையில் உருவான என்ஃபீல்டு இந்தியா தயாரித்த புல்லட், இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. அதன் ஹெட்லைட் முகப்பிலேயே ஓர் அம்மீட்டர் இருந்தது. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு மீளும். முள் அசையவே இல்லையெனில் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் கரிந்திருக்கிறது. ஒரேயடியாகச் சரிந்தால் ஷார்ட். டிகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு, முள் நடுவுக்கு வரும் கணம் பார்த்து அதை விடுவித்து உதைக்கும் பழக்கமும் ஓட்டுநர்களிடம் இருந்தது. பழுது காணும் கருவி வண்டியிலேயே, உரிமையாளர் கண்ணெதிரிலேயே இருந்தது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

1969இல் காவசாகி எச்1, பாயிண்ட் இல்லாத சிடிஐ பற்றவைப்புடன் வெளிவந்தது. உப்புத்தாள் கொண்டு பாயிண்ட் தேய்க்கும் வேலை மறையத் தொடங்கியது, நன்மைதான். ஆனால் பிசினால் அடைக்கப்பட்ட அந்தப் பெட்டியைத் திறக்கவோ திருத்தவோ இயலாது. மாற்றிப் பார்க்கத்தான் முடியும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், எரிபொருள் உட்செலுத்தலும் அதை ஆளும் கணினியும் சாதாரண வண்டிகளுக்கும் பரவின. இப்போது பழுது ஒரு குறியீடாக வெளிப்படுகிறது. குறியீடு நோயின் பெயரைச் சொல்கிறது; நோயின் முதலைச் சொல்வதில்லை. செத்த சென்சாருக்கும் பச்சை பூத்த கனெக்டருக்கும் ஒரே எண் வரலாம். இவ்விரு வினாக்களையும் வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் தனித்தனியே நிறுத்தியதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

குறியீட்டைப் படிக்கும் கருவியும் மென்பொருளும் யார் கையில் இருக்கும் என்பதே இனி எஞ்சும் கேள்வி. 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தபோது, அது கருதிய துறைகளில் வாகனங்களும் இடம்பெற்றன. அம்மீட்டர் முள்ளை யாரும் பார்க்கலாம். அதற்கு அனுமதி வேண்டியதில்லை. அவ்வாறு பார்த்துப் பார்த்தே நம் சாலையோரப் பட்டறைகளில், பள்ளிப்படிப்பைத் தொடர இயலாத இளைஞர் பலரும் மின்னியல் கற்றனர். பாடநூல் எழுதப்படாத அக்கல்வி மரபு, கருவி மறுக்கப்படுவதால் அழியுமாயின், ஒரு தொழில் மட்டுமன்று, ஒரு சிந்தனைமுறையும் அதனோடு அழியும் என்றே நாம் அஞ்சுகிறோம்.