எதிருரை (குடும்ப நீதிமன்றம்)

விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு போன்ற மனுக்களுக்கு எதிர்மனுதாரர் எழுத்தில் தரும் பதில். வழக்குப் பேச்சில் ‘கவுண்டர்’. கோவை மாவட்டக் கிணத்துக்கடவுக்காரருக்கு அழைப்பாணை வந்தால் அதன் தலைப்பை முதலில் பார்க்க வேண்டும்: வழக்கு கோவைக் குடும்ப நீதிமன்றத்திலா, வேறு ஊரிலா என்பது அங்கே இருக்கும். தபாலை வாங்காமல் திருப்பினால் வழக்கு நிற்காது, ஒருதலைப்பட்சமாக முடியும். அப்படி வந்த விவாகரத்துத் தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள்தான் அவகாசம்.

எதிருரைக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 30 நாள் தருகிறது. காரணம் காட்டினால் 90 நாள் வரை நீளும். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே பதில் வேண்டும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம். ‘எல்லாம் பொய்’ என்ற ஒற்றை வரி கோபத்தைக் காட்டும், வழக்கைக் காப்பாற்றாது. இந்து திருமணச் சட்டம் 23அ பிரிவின்படி, கொடுமை, கைவிடல், பிறன்மனை உறவு ஆகிய காரணங்களில் எதிர்மனுதாரரும் பரிகாரம் கேட்கலாம்.

ஜீவனாம்ச வழக்கில் ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020) தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தென்னந்தோப்புக் குத்தகையும் தக்காளி விற்ற பணமும் சம்பளச் சீட்டில் வராது. ஆனால் பத்திரத்தில் வர வேண்டும். சச்சரவு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வழக்கறிஞரை உரிமையாகத் தரவில்லை. அனுமதி கேட்க வேண்டும். வசதியில்லாதவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம்.