பிடி அரிசியும் கல்லறைச் சுவரும்: தென் தமிழகக் கிறிஸ்தவத்தில் அறத்தின் அன்றாட வாழ்வு

கிறிஸ்தவ வாழ்வு என்றால் என்ன என்ற கேள்விக்குப் பிரசங்க பீடத்திலிருந்து வழக்கமாக வரும் விடை மனச்சாட்சியை நோக்கியது. வசனத்தைக் கேட்டவர் மனந்திரும்ப வேண்டும். மனந்திரும்பியவர் வீட்டிலும் வேலையிலும் அதன்படி நடக்க வேண்டும். இந்த விடையில் பிழையில்லை. ஆனால் நடந்த வரலாற்றை விளக்க இது போதாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிச் சபைகளின் இரண்டு நூற்றாண்டு வரலாற்றில், ஒரே வேதாகமத்தை ஒரே பெஞ்சில் அமர்ந்து கேட்ட மக்கள் சில போதனைகளை வியக்கத்தக்க உறுதியோடு வாழ்ந்திருக்கிறார்கள். வேறு சிலவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவிட்டுக் கடந்து போயிருக்கிறார்கள். கொடுத்தல் பற்றிய போதனை முதல் வகையைச் சேர்ந்தது. சாதி பற்றிய போதனை இரண்டாம் வகையை. எந்தப் போதனைக்கு அன்றாட வேலையோடு பிணைந்த ஒரு வழக்கமும் அந்த வழக்கத்தைக் காக்கும் ஒரு கூட்டமும் வாய்த்தனவோ, அதுவே வாழ்வாயிற்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிடி அரிசியிலிருந்து தொடங்கலாம். உலை வைக்கும்போது, குடும்பத்துக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பார்கள். சேர்ந்த அரிசி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும்; அங்கே அளந்து விற்ற காசு ஊழியத்துக்கோ ஏழைகளுக்கோ செலவாகும். தென் மாவட்டச் சபைகளில் பாட்டிமார் இன்றும் நினைவுகூரும் வழக்கம் இது. இதைக் காணிக்கையின் ஒரு வகை என்று மட்டும் கணக்கிடுவது அதன் நுட்பத்தைத் தவறவிடுவதாகும். பதநீர்க் காலத்தில் மட்டும் காசு புழங்கும் பனையேறிக் குடும்பத்தில் பெண்ணின் கையில் பணம் இருக்காது. அவள் ஆளுகைக்குள் இருந்தது அடுப்படி. அந்த அடுப்படியையே காணிக்கை பிறக்கும் இடமாக ஆக்கியது இந்த வழக்கம். கணவரைக் கேட்க வேண்டியதில்லை, எழுத்தறிவு தேவையில்லை, குருவானவர் நினைவூட்ட வேண்டியதுமில்லை. ஒவ்வொரு வேளைச் சமையலிலும் அரிசியில் கை வைக்கும்போது பிறர் பசி நினைவுக்கு வந்தது. இறையியல் கல்லூரிகள் ஆண்டுக்கணக்கில் கற்பிக்க முயலும் பொறுப்புணர்வை ஒரு கைப்பிடி கற்பித்தது.

இவ்வழக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரியதன்று. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் முன்னின்று பரப்பிய பிடி அரிசித் திட்டத்தைத் தமிழகம் அறியும். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இதையே செய்துவருகிறார்கள். அச்சபையின் ஊழியச் செலவில் குறிப்பிடத்தக்க பங்கை அந்தப் பிடி அரிசி தாங்குகிறது. நம்பிக்கை புதிதாயிருந்தாலும் அது வாழ்ந்து காட்டப்படுவது மண்ணில் ஏற்கெனவே புழங்கும் வடிவங்களில்தான் என்பதற்கு இவை சான்று.

தென் மாவட்டங்களில் அத்தகைய இன்னொரு வடிவம் மகிமை. நாடார் வணிகர்கள் தங்கள் பேட்டைகளில் கைமாறும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையைப் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிவந்தார்கள். கோயில், கிணறு, பள்ளி எல்லாம் அதில் எழுந்தன. இந்தப் பண்பாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சபைச் சங்கங்களில் சந்தா கட்டுவது அந்நியமாக இருந்திருக்க முடியாது. 1799இல் தாவீது சுந்தரானந்தம் முயற்சியால் முதலூர் உருவானது, புதிய நம்பிக்கையின் பொருட்டுத் துரத்தப்பட்டவர்களுக்குப் புகலிடமாக. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் குடியேற நிலம் வாங்குவது அதன் முதல் வேலை. பிறரிடத்தில் அன்புகூர்வது என்ற கட்டளைக்கு இங்கே நில அளவும் வீட்டு மனையும் கணக்குப் புத்தகமும் இருந்தன. அதனால்தான் அது நிலைத்தது.

1903 பிப்ரவரியில் பிறந்த திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் இந்தப் பழக்கத்தின் முதிர்ச்சி. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா அதன் முதல் செயலாளர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், இந்நாட்டு மனிதர், இந்நாட்டுப் பணம், இந்நாட்டு நிர்வாகம் என்பது சங்கத்தின் கொள்கை. நிஜாம் ஆட்சிப் பகுதியின் தோர்ணக்கல்லில் ஊழியம் செய்ய அந்தச் சங்கத்துக்குச் சக்தி தந்தது திருநெல்வேலிக் கிராமங்களின் சிறு காணிக்கைகள். 1912இல் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். இந்தியர்களுள் ஆங்கிலிக்கன் பேராயரான முதல்வர் அவரே. நிலமற்ற கூலிகளான தம் சபையாரிடமும் காணிக்கை கேட்க அவர் தயங்கவில்லை. ஏழை வாங்க மட்டுமே பிறந்தவர் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. கொடுக்கும் கை உள்ளவர் யாருக்கும் தாழ்ந்தவரல்லர் என்று போதித்தார். பிற்கால நலத்திட்டச் சிந்தனைகள் பலவற்றை விட இது ஆழமானது என்பது என் மதிப்பீடு.

கொடுத்தலின் வழக்கத்திலும் ஒரு கோணல் விழுந்திருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்கு ஏலம் போகிறது. எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. ஏலத்தில் மகிழ்ச்சி இருக்கிறது, ஊர் கூடும் உற்சாகம் இருக்கிறது, சபைக்கு வருமானமும் இருக்கிறது. ஆனால் பிடி அரிசியில் கொடுத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது; எல்லார் வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிடும். பேர் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் வளர்ந்து பேரில்லாமல் கொடுக்கும் வழக்கம் தேய்ந்தது சபைகளுக்கு நேர்ந்த இழப்பு. பிந்தையதுதான் மலைப்பிரசங்கத்துக்கு நெருக்கமானது.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தே நோபிலி, சாதி அடையாளங்கள் சமூக வழக்கங்களே, அவற்றுக்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை என்ற நிலைப்பாட்டில் தம் பணியை அமைத்தார். 1623இல் ரோமாபுரி அதற்கு இடங்கொடுத்தது. தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் சபைகளிலும் சாதிக்கேற்பத் தனித்தனி இருக்கைகள் தொடர்ந்தன. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்களுள் புகழ்பெற்றவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதி ஆசாரத்தை ஒழிக்க முயன்ற மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். குல வழக்கம் வேறு, விசுவாசம் வேறு என்பதே அவர் தரப்பின் அடிப்படை.

இந்த அடிப்படையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். விசுவாசம் உள்ளத்தின் காரியம். உண்பதும் அமர்வதும் மணப்பதும் புதைப்பதும் உலக வழக்கம். சாதியைக் காத்தவர்கள் நின்ற இடம் இதுதான். கிறிஸ்தவ ஒழுக்கத்தை மனச்சாட்சிக்குள் மட்டும் தேடுவோர் நிற்கும் இடமும் இதுவேதான். பேராயரின் கடிதம் தோற்றதற்கு மக்களின் முரட்டுத்தனத்தை மட்டும் காரணம் காட்டுவது நியாயமன்று. சாதிக்கு அடுப்பு, கிணறு, தெரு, திருமணம், கல்லறை என்று ஒவ்வொரு நாளையும் தொடும் வழக்கங்கள் இருந்தன. அதை எதிர்த்துச் சென்றதோ ஒரு சுற்றறிக்கை.

எதிர்ப்புக்கும் ஒரு வடிவம் கொடுக்கப்பட்ட இடங்களில் கதை வேறாயிற்று. ரேனியஸ் தம் பள்ளி விடுதியில் பிள்ளைகள் ஒன்றாக உண்ண வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயம் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கூடங்களோடு கட்டப்பட்டிருந்தது, நடுவே சுவர். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. பிரிவினையைத் தங்கள் உரிமையாகக் கோரியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். முந்நூறு ஆண்டு விவாதம் சாதிக்காததை ஒரு கடப்பாரை சாதித்தது என்று சொன்னால் மிகையாகலாம். ஆனாலும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே கூடத்தில் முழங்காற்படியிட்ட பிறகு அந்த ஊரில் வழிபாடு வேறு வழிபாடாகிவிட்டது.

பழக்கத்துக்கு முன்பே உள்ளத்தில் உறுதி பிறக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை அவர் சான்று காட்டுவார்: சட்டமும் வழக்கமும் தடுத்தபோதும், அடிபட்டும் அவமானப்பட்டும், பெண்கள் மேலாடை அணிந்தே நின்றார்கள்; 1859இல் அரச ஆணை இறங்கிவந்தது. உறுதி இருந்தது உண்மை. அதே காலத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய பள்ளியும் ரேந்தை (லேஸ்) வேலையும் இருந்தன. ரேந்தை பின்னிய கூலியில் அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். மேலாடையோடு வார வாரம் கூடிய சபையும் இருந்தது. அய்யா வைகுண்டர் தம் வழியில் வந்தோரைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் செய்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உறுதி உள்ளத்தில் பிறக்கலாம். அதைத் தாங்கி வளர்ப்பது உடுப்பும் கூலியும் கூட்டமும்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. வழக்கம் வெறும் சடங்காக உறையாதா? வெந்தயம், சீரகம் வரை தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு கடிந்துகொண்டதை மத்தேயு 23ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தக் கடிதலை நான் மறுக்கவில்லை. அது நம்மைப் பற்றியதுதான். அரிசியைச் சரியாக அளந்து கொடுத்த சபைகளே கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்தன. ஆனால் அவ்வசனம் தசமபாகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நீதிக்கும் அதே அன்றாட அக்கறை வேண்டும் என்கிறது.

ஆகவே அசனத்தைப் பற்றிச் சற்று நிற்க விரும்புகிறேன். தூத்துக்குடி, திருநெல்வேலிச் சபைகளில் பண்டிகையின்போது ஊரே சேர்ந்து சமைத்து உண்ணும் அந்தப் பந்தி, திருவிருந்துக்கு வெளியே நமக்கு இருக்கும் மிக நல்ல வடிவம். யார் வெட்டுகிறார், யார் கிளறுகிறார், யார் பரிமாறுகிறார், யார் அருகில் யார் அமர்கிறார் என்ற கேள்விகளுக்கு அங்கே கையால் விடை சொல்லியாக வேண்டும். ஒரே சாதியார் வாழும் ஊர்ச் சபையில் அந்தக் கேள்விகள் எழுவதேயில்லை என்பதுதான் அதன் குறை. பக்கத்துச் சேகரத்தையும் காலனிச் சபையையும் சேர்த்து அசனம் வைப்பதற்குப் புதிய இறையியல் எதுவும் தேவையில்லை.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அதை எதிர்த்துத் திருச்சபைகள் ஆண்டுதோறும் தெருவில் இறங்குவது நியாயமே. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்கள் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் 1833ஆம் ஆண்டுக் கடிதமும் நேர்மையானதே. ஆவணம் பங்கின் கணக்குப் புத்தகத்திலும் திருமண ஓலையிலும் குழி வெட்டும் இடத்திலும் வந்து சேராதவரை அதன் கதியும் அதுவாகவே இருக்கும்.

சேகரக் கமிட்டியிலும் பங்குப் பேரவையிலும் பொறுப்பில் இருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் எந்த ஒழுங்கில் ஒதுக்கப்படுகிறது என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த தேதி வரிசையில் அடக்கம் செய்வது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். நடுவில் சுவர் இருந்தால் அதை இடிக்கும் செலவையும் அதே கூட்டத்தில் ஒதுக்குங்கள்.