மன்னார்குடிக் கிளைப்பாதையும் திரையில் மீளும் இருப்புப்பாதைகளும்

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் முதலியவற்றைச் சான்றாகக் கொண்டு பழமையை மீட்டுரைப்பது வரலாற்றாசிரியர் பணியாகும். அண்மைக்காலத்தில் அப்பணியின் ஒரு கூற்றை வேறொரு சாராரும் மேற்கொண்டுள்ளனர். கணிப்பொறித் திரையில் தொடர்வண்டி ஓட்டும் விளையாட்டுகளை ஆக்குவோரே அவர்கள். மறைந்த இருப்புப்பாதைகளையும் நீராவி எஞ்சின்களையும், நிலையம், கைகாட்டி, பாலம், கால அட்டவணை ஆகியவற்றோடு அவர்கள் திரையில் மீண்டும் அமைக்கின்றனர். அங்ஙனம் அமைக்கப்பெற்றவை வரலாற்றுச் சான்றாகுமா என்பதும், காவிரிக் கழிமுகத்து மன்னார்குடிக் கிளைப்பாதையை அவ்வாறு மீட்டமைக்க வேண்டின் எவ்வகைச் சான்றுகள் தேவை என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண், பிரிட்டிஷ் பாதை ஒன்றின் நிலையைக் காண்போம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொடர்வண்டி விளையாட்டில், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள செட்டில்–கார்லைல் பாதை இடம்பெற்றது. 1876-ஆம் ஆண்டில் பயணிகளுக்குத் திறக்கப்பெற்ற அம்மலைப்பாதை, 24 வளைவுகளை உடைய ரிபிள்ஹெட் பாலத்தால் புகழ் பெற்றது. அதன்மீது ஓட்டுதற்கு 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்னும் எஞ்சின் தரப்பெற்றது. நைஜல் கிரெஸ்லி வகுத்த வடிவில் 1923-ஆம் ஆண்டு டான்காஸ்டரில் உருவான எஞ்சின் அது. பாதையும் மெய், எஞ்சினும் மெய். ஆயின், எஞ்சின் லண்டன் வடகிழக்கு இரயில்வேக்கு உரியது. பாதையோ அக்காலத்தில் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் இரயில்வேக்கு உரியது. பணியினின்று ஓய்வுபெற்றுப் பேணப்பட்ட பின்னரே அவ்வெஞ்சின் சிறப்புப் பயணங்களில் அப்பாதையில் ஓடியது. எனவே, இரண்டு மெய்கள் சேர்ந்து ஒரு பொய்த் தோற்றத்தை விளைவித்தல் கூடும் என்பது பெறப்படும். இடைச்செருகலைக் களைந்து பாடங்காணும் தமிழாராய்ச்சியாளர்க்கு இஃது புதிதன்று.

இனி, நம் நாட்டுப் பாதைக்கு வருவோம். இலண்டனில் பதிவுபெற்ற கிரேட் சதர்ன் ஆப் இந்தியா இரயில்வே நிறுவனம், நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூருக்கு 1861-ஆம் ஆண்டில் பாதையைத் திறந்தது; மறு ஆண்டில் அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. அது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாகும். அந்நிறுவனம் கர்நாடிக் இரயில்வேயுடன் இணைந்து 1874-ஆம் ஆண்டில் தென்னிந்திய இரயில்வே ஆயிற்று. மறு ஆண்டிலேயே இப்பாதை மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து படிப்படியாக மீண்டும் அகலப்பாதையாயிற்று. இன்று நீடாமங்கலத்தில் அகலத் தண்டவாளத்தைக் காண்பவர், 1861-இன் பாதையே இடையறாது தொடர்கிறது என எண்ணினால், இடைப்பட்ட ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தை இழந்தவராவார். கண்முன் நிற்கும் பொருளும் பிழைபட உரைக்கும் என்பதற்கு இது தக்க சான்று.

தஞ்சைப் பகுதிக்கு மற்றொரு தனிச்சிறப்பும் உண்டு. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குச் சென்ற பாதை, தஞ்சை ஜில்லா போர்டு தண்டிய தனித் தீர்வையால் அமைந்து 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதை இயக்கியது தென்னிந்திய இரயில்வே நிறுவனம். அதற்குப் பொருள் தந்தோர் உழவரும் நிலவுடைமையாளரும் ஆவர். ஆதலின் இப்பகுதியின் இருப்புப்பாதை வரலாற்றை இலண்டன் நிறுவனங்களின் வரலாறாக மட்டும் எழுதுதல் பொருந்தாது.

நீடாமங்கலத்திலிருந்து தெற்கே பிரியும் மன்னார்குடிக் கிளைப்பாதை, முதல் உலகப்போர்க் காலத்தில், 1915-ஆம் ஆண்டையொட்டி அமைந்த மீட்டர் பாதையாகும். 1976-ஆம் ஆண்டில் அதன் போக்குவரத்து நின்றது. 35 ஆண்டுகளுக்குப் பின், 2011-ஆம் ஆண்டில், அகலப்பாதையாக அது மீண்டும் திறக்கப்பட்டு, மன்னை விரைவுவண்டி சென்னைக்குப் புறப்பட்டது. இன்று மன்னார்குடி நிலையத்தில் நிற்கும் இளைஞர்க்கு 2011-க்கு முற்பட்ட பாதை கண்டறியாத பொருளே.

அப்பழைய பாதையைத் திரையில் மீட்டமைக்க முனைவோர், முதலில் ஆண்டினை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். 1930-ஆம் ஆண்டுக் காட்சியில், 1949-ஆம் ஆண்டு முதல் வந்த ஒய்.பி. வகை எஞ்சினை ஓட்டுதல் காலவழுவாகும். 1982-ஆம் ஆண்டில் மயிலாடுதுறை எனப் பெயர் மாறிய ஊரை, அதற்கு முந்திய காட்சியின் பெயர்ப்பலகையில் அக்காலப் பெயராலேயே எழுதுதல் வேண்டும். நிலத்தின் இயல்பும் நோக்கற்பாலது. செட்டில்–கார்லைல் பாதையில் எஞ்சினுக்கு இடர் தருவது ஏற்றம். கழிமுகத்திலோ நிலம் சமதளம், இடர் தருவது நீர். நீடாமங்கலத்தருகே வெண்ணாற்றினின்று கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அவற்றினின்று வாய்க்கால்கள் கிளைத்து வயல்தோறும் பாய்கின்றன. கரையெழுப்பிப் போடப்படும் எப்பாதையும் இந்நீர்ப்போக்கைத் தடுக்காதவாறு பாலமும் மதகும் பெறல் வேண்டும். எனவே மலைப்பாதையை வரைவோர் உயரங்களை அறிதல் போல, இப்பாதையை வரைவோர் வாய்க்கால்களை அறிதல் இன்றியமையாதது.

ஏட்டில் காணக்கிடையாத சான்று ஒன்றும் உளது. அது மக்கள் வழக்கு. தஞ்சைப் பகுதியில் நிலையத்தை 'ரயிலடி' என்பர். தேர் நிற்கும் இடம் தேரடி ஆனாற்போல, ரயில் நிற்கும் இடம் ரயிலடி ஆயிற்று. அயலிலிருந்து வந்த புதுப்பொருளுக்கு, ஊர்மக்கள் தமக்குப் பழகிய தேரின் சொல்லமைப்பைக் கொண்டே பெயரிட்டனர் எனலாம். நிற்க, செல்க என்பதைக் கையை நீட்டியும் தாழ்த்தியும் உணர்த்திய கம்பத்தைக் 'கைகாட்டி' என்றதும் இவ்வாறே. இத்தகைய சொற்களை எஞ்சின் வரைபடங்களோ நிறுவன அறிக்கைகளோ தரமாட்டா. அவற்றை வழங்கியோர் வாயிலாகவே அவை அறியப்படும்.

1976-ஆம் ஆண்டில் இருபது அகவையினராய் அக்கிளைவண்டியில் சென்றோர் இன்று எழுபதை அணுகியுள்ளனர். எஞ்சின் கரி இட்டோர், கேட்டைக் காத்தோர், தண்டவாளம் பேணியோர் அவரினும் மூத்தோர். பிரிட்டிஷ் பாதைகளை மீட்டமைப்போர்க்கு யார்க் நகரத்துத் தேசிய இருப்புப்பாதை அருங்காட்சியகம் முதலியன வரைபடங்களைப் பேணி வைத்துள்ளன. மன்னார்குடிப் பாதைக்கோ இம்முதியோர் நினைவே பெருங்களஞ்சியம். அதனைத் திறக்கும் காலமும் சுருங்கி வருகின்றது.

ஆதலின், திரையில் மீளும் பாதையைச் சான்றாகக் கொள்ளாது, சான்றுகளை ஒருங்கு நிறுத்தி ஆராயத் தூண்டும் உரையாகக் கொள்ளுதலே தகும் என்பது எம் கருத்து. நல்லுரைக்கு மூலபாடம் வேண்டும். நீடாமங்கலம் முதல் மன்னார்குடி வரையுள்ள ஊர்களில் முதியோர் கூற்றையும் சொல் வழக்கையும் ஆண்டு, இடம், தொழில் என்னும் குறிப்புகளோடு தொகுத்தலை முதுகலை மாணவர் தம் களப்பணியாக மேற்கொள்ளின், அம்மூலபாடம் நமக்குக் கிட்டும்.