மைக்கேலாஞ்சலோ பிறந்தநாளும் ஆன்டிவைரஸ் ரினியூவலும்

இந்த எபிசோடு ஒரே ஒரு கேள்விக்காக. வேற வேற வார்த்தைல நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க: "அப்பா கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் முடியப்போகுது, சிவப்புக் கலர்ல பாப்-அப் வந்துட்டே இருக்கு, காசு கட்டணுமா?" பதில் சொல்றேன். ஆனா அந்தச் சிவப்புக் கலர் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, பதிலை நீங்களே பாதி கண்டுபிடிச்சுடுவீங்க.

1986, லாகூர். அம்ஜத், பாசித்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒரு கம்ப்யூட்டர் கடை வச்சிருந்தாங்க. அவங்க எழுதினதுதான் 'பிரெயின்'. ஐபிஎம் பிசி உலகத்துல பரவின முதல் வைரஸ். ஃப்ளாப்பியோட பூட் செக்டர்ல போய் உட்காரும். எங்க மெடிக்கல் சாஃப்ட்வேரைத் திருட்டுத்தனமா காப்பி பண்றவங்களுக்காகத்தான் எழுதினோம்னு பின்னாடி சொன்னாங்க. இதுல அழகு என்னன்னா, வைரஸுக்குள்ளயே அவங்க பேரு, கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்துச்சு. விசிட்டிங் கார்டோட வந்த வைரஸ்!

இந்தச் செய்தியைப் படிச்சவங்கள்ல ஒருத்தர் அமெரிக்காவுல லாக்ஹீட் கம்பெனில வேலை பார்த்துட்டிருந்த ஜான் மெக்காஃபி. 1987-ல சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சாரு. சாஃப்ட்வேரை டப்பால போட்டுக் கடையில விக்கல. புல்லட்டின் போர்டுல போட்டுவிட்டாரு, யார் வேணும்னாலும் டவுன்லோடு பண்ணிக்கலாம். வீட்டுல யூஸ் பண்ணினவங்க ஆபீஸ்லயும் அதையே கேட்டாங்க, ஆபீஸ்கிட்ட லைசென்ஸ் காசு வாங்கினாரு. இன்னைக்கு எல்லா ஸ்டார்ட்-அப்பும் பண்றதை அவர் அப்பவே பண்ணிட்டாரு.

இப்ப கதையோட முக்கியமான இடத்துக்கு வர்றோம். 1992 மார்ச் 6, வெள்ளிக்கிழமை.

அதுக்கு முந்தின வருஷம் ஒரு பூட் செக்டர் வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. வருஷம் முழுக்க சும்மா பரவிட்டே இருக்கும், மார்ச் 6 அன்னைக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா ஹார்டு டிஸ்க்கோட ஆரம்பப் பகுதியை அழிச்சிடும். அது ஓவியர் மைக்கேலாஞ்சலோ பிறந்த நாள்னு ஆராய்ச்சி பண்ணினவங்க கவனிச்சு அந்தப் பேரை வச்சாங்க. வைரஸ் கோடுல ஓவியரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆனா பேர் ஒட்டிக்கிச்சு. பேரும் தேதியும் கிடைச்சாச்சு, பத்திரிகைக்காரங்களுக்கு வேற என்ன வேணும்?

எவ்வளவு கம்ப்யூட்டர் பாதிக்கும்னு கேட்டப்ப, மெக்காஃபி சொன்னதா வந்த எண்ணிக்கை 50 லட்சம் வரைக்கும். டிவி, பேப்பர் எல்லாத்துலயும் அதே பேச்சு. ஆன்டிவைரஸ் விற்பனை எகிறிச்சு. மார்ச் 6-உம் வந்துச்சு, போயிடுச்சு. பாதிக்கப்பட்டதுன்னு வந்த கணக்கு 10,000-லிருந்து 20,000 வரைக்கும்தான்.

இதை வச்சு "எல்லாம் ஏமாத்து வேலை"ன்னு சொல்றவங்க உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பயந்துபோய் லட்சக்கணக்கான பேர் முன்னாடியே ஸ்கேன் பண்ணினாங்க, அதனாலயும் எண்ணிக்கை குறைஞ்சிருக்கலாம். நடக்காத விபத்தை எப்படி எண்ணுவீங்க? அங்கதான் சிக்கல். ஆன்டிவைரஸ் வேலை செஞ்சாலும் ஒண்ணும் நடக்காது, வைரஸே வராட்டியும் ஒண்ணும் நடக்காது. ரெண்டுமே ஒரே மாதிரி இருக்குற பொருளை விக்கணும்னா பயம்தான் மார்க்கெட்டிங். மெக்காஃபி கம்பெனி அதே 1992-ல பங்குச் சந்தைக்குப் போச்சு.

அதே வைரஸ் புனேயையும் எட்டிச்சு. கைலாஷ் கட்கர் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வச்சிருந்தவர், பத்தாவதோட படிப்பை நிறுத்தினவர். ரிப்பேருக்கு வர்ற கம்ப்யூட்டர்லாம் வைரஸோடயே வருது. அவரோட தம்பி சஞ்சய் அதைச் சுத்தம் பண்ண டூல் எழுதினாரு. 1995-ல அது 'குவிக் ஹீல்'னு கடைக்கு வந்துச்சு. நம்ம ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ் அண்ணன்கள் மூலமா வீடு வீடா போய்ச் சேர்ந்த டப்பா அதுதான்.

நம்ம செட்டுக்கு ஞாபகம் இருக்குற வைரஸ்னா பென்டிரைவ் வைரஸ்தான். ஜெராக்ஸ் கடையில பிராஜெக்ட் பிரின்ட் எடுத்துட்டு வந்தா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருக்கும். நிறைய வைரஸுக்கு வழி விட்டது விண்டோஸோட ஆட்டோரன். 2011 பிப்ரவரில மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் மூலமா பழைய விண்டோஸ்லயும் பென்டிரைவ் ஆட்டோரனை நிறுத்திடுச்சு. அந்த வழியா வந்த வைரஸ் நல்லா குறைஞ்சுது. இத்தனை வருஷம் ஸ்கேன் பண்ணினதைவிட ஒரு செட்டிங்கை மாத்தினது பெரிய வேலை.

எஞ்சினியர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. எல்லா வைரஸையும் தப்பில்லாம கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதவே முடியாதுன்னு ஃபிரெட் கோஹன் எண்பதுகள்லயே நிரூபிச்சுட்டாரு. அதனால டப்பால '100% பாதுகாப்பு'ன்னு போட்டிருந்தா சிரிச்சுட்டுப் போங்க.

சரி, இலவசமா கிடைக்குறதை வச்சுக்கலாமே? ரெண்டாயிரங்கள்ல ஏவிஜி, அவாஸ்ட், அவிரா எல்லாம் அப்படித்தான் நம்ம வீட்டுக்கு வந்துச்சு. கதை 2020 ஜனவரில திரும்பிச்சு. அவாஸ்டோட துணைக் கம்பெனி ஜம்ப்ஷாட், பயனாளர்கள் இணையத்துல எங்கெல்லாம் போறாங்கங்கிற தகவலை வித்துட்டிருந்ததைப் பத்திரிகையாளர்கள் வெளியே கொண்டுவந்தாங்க. சில நாள்லயே ஜம்ப்ஷாட்டை மூடினாங்க. 2024-ல அமெரிக்காவோட எஃப்டிசி, அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்டணும்னு சொன்னுச்சு. காவலுக்கு வச்ச ஆள் வீட்டுக்குள்ள யார் யார் வர்றாங்கன்னு நோட்டு எழுதி வித்த கதை. எனக்கு இதுதான் இந்த வரலாற்றுலயே பெரிய கோபம். ஏன்னா ஆன்டிவைரஸுக்கு மத்த எந்த சாஃப்ட்வேருக்கும் இல்லாத அனுமதியை நாமதான் கொடுக்குறோம். இன்னொண்ணு, நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நாலுமே இப்ப ஜென் டிஜிட்டல்னு ஒரே கம்பெனிக்குக் கீழ. நாலு டப்பாவை வச்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டிருப்போம், காசு ஒரே கல்லாவுக்குப் போகும்.

விண்டோஸ்லயே இருக்குற டிஃபென்டர் என்ன ஆச்சு? 2012-ல விண்டோஸ் 8 கூட முழு ஆன்டிவைரஸா வந்தப்ப யாரும் மதிக்கல. மதிக்காததுல நியாயமும் இருந்துச்சு, டெஸ்ட்ல மார்க் ரொம்ப மோசம். ஆனா அப்புறம் சில வருஷத்துல மேல வந்துடுச்சு. ஏவி-டெஸ்ட் மாதிரி தனி லேப் முடிவுகள்ல இப்ப காசு வாங்குறவங்க வரிசையிலயே நிக்குது.

அதனால அப்பாவோட கம்ப்யூட்டருக்கு என் பதில்: விண்டோஸ் 11 இருந்து, அப்டேட் ஒழுங்கா நடந்தா, ரினியூவல் வேண்டாம். அந்தக் காசுல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி போட்டோ எல்லாம் பேக்கப் எடுத்து, கேபிளைக் கழட்டி பீரோல வைங்க. விண்டோஸ் 10-னா அதோட சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது, அந்த ஓட்டையை எந்த ஆன்டிவைரஸும் முழுசா அடைக்காது. முதல்ல அதைப் பாருங்க.

முக்கியமா, பழைய ஆன்டிவைரஸை காலாவதி ஆனபடி அப்படியே விட்டுடாதீங்க. அது உட்கார்ந்திருக்கிற வரைக்கும் டிஃபென்டர் ஒதுங்கியே இருக்க வாய்ப்பு இருக்கு. அன்இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் செக்யூரிட்டில பச்சை டிக் வருதான்னு பார்த்துடுங்க. அப்புறம் அந்த சிவப்புப் பாப்-அப் திரும்பவும் வந்தா, அது பிரவுசர் நோட்டிஃபிகேஷனா வர்ற மோசடி. அதுல இருக்குற நம்பருக்கு அப்பா போன் பண்றதுக்குள்ள, நீங்க அப்பாவுக்கு ஒரு போன் பண்ணிடுங்க.