மாற்றுக் கல்லீரலும் நோய்க் கிருமிகளும்

ஒருவருடைய கல்லீரலை மற்றொருவருக்குப் பொருத்தினால், பெற்றவரின் உடல் அதனை உறவாகக் கொள்வதில்லை. பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. அத்தாக்குதலைத் தடுக்க, உடலின் தற்காப்புச் சக்தியை மருந்தினால் அடக்க வேண்டும். அடக்கினாலோ, நோய்க் கிருமிகளுக்குக் கதவு திறந்துவிடும். கல்லீரல் மாற்றுச் சிகிச்சையின் வரலாறு, இவ்விரு அபாயங்களுக்கும் இடையே மருத்துவர்கள் வழி தேடிய வரலாறேயாகும்.

1963-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று, அமெரிக்காவிலுள்ள டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் என்னும் ரண சிகிச்சை நிபுணர் முதன்முதலாக மனிதருக்கு இச்சிகிச்சையைச் செய்தார். நோயாளியான குழந்தை இரத்தப் பெருக்கினால் உயிர் நீத்தது. அவ்வாண்டில் இச்சிகிச்சை பெற்றோருள் ஒருவரேனும் ஒரு மாதம் வாழவில்லை. ஆகவே முயற்சி சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது. 1967-இல் மீண்டும் தொடங்கியபோதே ஒரு குழந்தை ஓராண்டைக் கடந்து வாழ்ந்தது.

அந்நாளில் அஸதியோபிரின், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளே கைவசம் இருந்தன. அவை புதிய உறுப்பைத் தாக்கும் சக்தியோடு, கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் ஒடுக்கின. பித்தநீர்க் குழாயை இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால், குடற்கிருமிகள் புகுந்து பெருந்தீங்கு விளைத்தன. 1968 முதல் கேம்பிரிட்ஜ் நகரில் இச்சிகிச்சையை நடத்திய ராய் கால்ன், அவ்விணைப்பையே இதன் பலவீனமான இடமெனக் கண்டார்.

நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து நிலைமையை மாற்றியது. கால்ன் 1978-இல் அதனை நோயாளிகளுக்கு அளித்தார். ஸ்டார்ஸல் 1980-இல் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையில் கையாண்டார். ஓராண்டு உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்குச் சுமார் முப்பது என்ற நிலையிலிருந்து எழுபது என்ற நிலைக்கு உயர்ந்தனர்.

எனினும் கிருமிகளின் அச்சம் நீங்கவில்லை. 1981-இல் ரூபின் முதலிய அமெரிக்க மருத்துவர்கள், சிறுநீரகம் மாற்றப்பெற்றோரிடம் எந்நோய் எக்காலத்தில் தோன்றும் என்பதற்கு ஓர் அட்டவணை வகுத்தனர். கல்லீரல் பெற்றோருக்கும் அது பெரிதும் பொருந்துகிறது. முதல் மாதத்தில், வெட்டுக்காயத்தின் வழியாகவும் உடலிற் செருகிய குழாய்களின் வழியாகவும் மருத்துவமனைக் கிருமிகள் புகும். ஆறாம் மாதம் வரையில், சைட்டோமெகலோ வைரஸ், பூஞ்சைகள் முதலியவை தலையெடுக்கும். அதன்பின், யாவருக்கும் வரும் சளிக்காய்ச்சல் போன்றவையே மிகுதி.

எல்லாரும் ஒரே அளவில் அபாயத்துக்கு உள்ளாவதில்லை. சிகிச்சை நெடுநேரம் நீடித்தவர்கள், அதிக இரத்தம் ஏற்றப்பெற்றவர்கள், மறுமுறை வயிறு திறக்கப்பெற்றவர்கள், சிறுநீரகம் பழுதுற்றவர்கள் ஆகியோரிடம் தொற்று எளிதில் பற்றுகிறது. உறுப்பை உடல் தாக்கியமையால் கூடுதல் மருந்து உண்டோரும் அவ்வாறே. ஆகவேதான் சில கிருமிகளுக்கு, நோய் தோன்றுமுன்பே தடுப்பு மருந்து கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது.

நம் நாட்டில் 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 1998-இல் தில்லியில் ஒரு குழந்தைக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. இங்கே மற்றோர் இடரும் உண்டு. நம்மவர் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. தற்காப்பு தளர்ந்தவுடன் அது விழித்தெழலாம். அதற்குரிய ரிபாம்பிசின் மருந்தோ, உறுப்பைக் காக்கும் மருந்தின் அளவை இரத்தத்திற் குறைத்துவிடும். காசநோய் மருந்துகள் சில, கல்லீரலையே துன்புறுத்தவும் கூடும். ஒன்றைக் காக்க முயன்றால் மற்றொன்று கைநழுவும் இந்நிலையில், மருத்துவர் அளவறிந்து அடியெடுத்து வைக்க வேண்டியவராகிறார்.

மருத்துவர் செய்ய வேண்டியது இது. நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மாற்றுக் கல்லீரலுடன் வாழ்பவர் நம் வீட்டில் இருப்பின், இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் எவரையும் உடனே பரிசோதனைக்கு அனுப்புவோம். கை கழுவாமல் அவருக்கு உணவு பரிமாறாதிருப்போம். சிறு காய்ச்சலையும் அற்பமென ஒதுக்காமல் மருத்துவரிடம் தெரிவிப்போம். தம் காவலை மருந்துக்கு ஒப்படைத்துவிட்ட உடலுக்குச் சுற்றத்தாரே காவலாவர்.